எழும்பூரைப் போடிக்குக் கொண்டுவராதீர்கள்

மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகப் போடிநாயக்கனூர் சென்ற பழைய மீட்டர்கேஜ் ரயிலை ஒரு மேசைமேல் மாதிரியாக அமைத்துப் பார்க்க விரும்பும் நண்பர்கள் நமக்குள் இருக்கிறார்கள். மலை, கணவாய், பாலம், பெட்டிகள் எல்லாம் முடிவானபின் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. பாதையின் முனையில் நிற்கப்போகும் நிலையக் கட்டடம் எது? பெரும்பாலும் வருகிற விடை, எழும்பூர். 1908இல் திறக்கப்பட்ட அந்தச் சிவப்புக் கட்டடத்தின் குவிமாடங்களையும் வளைவுகளையும் அட்டையிலும் மரத்திலும் இழைத்து, அதன் முன்னால் போடி வண்டியை நிறுத்திவிடலாம் என்கிறார்கள்.

இந்த யோசனையை நாங்கள் எதிர்க்கிறோம். மாதிரி ரயிலைப் பற்றி இலக்கிய வாசகர்களிடம் பேச என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு நாவலில் உசிலம்பட்டி நிலையத்தில் இறங்கும் பாத்திரம் எதிரே கடலைப் பார்த்தால் நாம் புத்தகத்தை மூடிவிடுவோம். எழுத்தில் நாம் கோரும் குறைந்தபட்ச நேர்மையை ஒட்டுப்பலகையிலும் பசையிலும் கோரக்கூடாது என்பதற்கு நியாயமான காரணம் எதுவும் எங்களுக்குத் தெரியவில்லை.

எதிர்த்தரப்பு வாதத்தைக் குறைத்துச் சொல்வது முறையல்ல. அவர்கள் சொல்வது இதுதான். எழும்பூரும் மீட்டர்கேஜ் நிலையமாக இருந்ததே. இரண்டும் ஒரே தென்னிந்திய ரயில்வேக்கு உரியவை. காலமும் ஏறத்தாழ ஒத்துவருகிறது. எழும்பூருக்குப் புகைப்படங்கள் ஏராளம், பார்வையாளரும் உடனே அடையாளம் கண்டுகொள்வார். போடி நிலையத்தை யாருக்குத் தெரியும்? தவிர, மாதிரி என்றாலே சுருக்கம்தானே, அதில் சுத்தம் பார்ப்பது வீண் பிடிவாதமல்லவா?

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். சுருக்கம் தவிர்க்க முடியாதது என்பதில் எங்களுக்கு மாறுபாடு இல்லை. உலகில் மிகப் பரவலாக உள்ள 1:87 அளவில் கணக்கிட்டால், மதுரை–போடி 90 கிலோமீட்டர் பாதை ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும். தேனிக்கும் போடிக்கும் இடையிலான 15 கிலோமீட்டரே 170 மீட்டரைத் தாண்டும். எந்த வீட்டிலும் அது அடங்காது. எனவே வயல்கள் குறையும், வளைவுகள் நெருங்கும், ஐந்து ஊர்கள் இரண்டாகும். நாவலாசிரியனும் முப்பது வருடத்தை முந்நூறு பக்கத்தில் அடக்குகிறான். அதற்காக அவனை யாரும் பொய்யன் என்பதில்லை. ஆனால் ஒன்றைச் சுருக்குவது வேறு, அதை எடுத்துவிட்டு இன்னொன்றை வைப்பது வேறு. போடி நிலையத்தின் நீளத்தில் ஒரு பகுதியைக் குறைத்தால் அது சுருங்கிய போடியாகவே இருக்கும். அந்த இடத்தில் எழும்பூரை வைத்துவிட்டால் அங்கே போடி இல்லை.

நிலையக் கட்டடம் வெறும் பின்னணி அலங்காரம் அல்ல. அந்த ஊரை ரயில் நிர்வாகம் எப்படி மதிப்பிட்டது என்பதைச் சொல்லும் சாட்சி அது. எழும்பூர் ஒரு தலைநகரின் வாசல். வந்திறங்குபவனை வியக்கவைக்கும் நோக்கம் அதன் ஒவ்வொரு வளைவிலும் உண்டு. போடிப் பாதை 1928இல் வந்தது மலைச்சரக்குக்காக. மேலே ஏலமும் தேயிலையும், கீழே சமவெளியும் துறைமுகமும். நடுவில் தண்டவாளம் முடியும் ஊர் போடி. அத்தகைய முனைநிலையத்தில் முக்கியமானவை சரக்குக் கொட்டகை, எடைமேடை, எஞ்சின் திரும்ப இடம், வண்டிமாடுகள் வந்து நிற்க முற்றம். இவற்றை அகற்றிவிட்டுக் குவிமாடத்தை நிறுத்தும்போது, இந்தப் பள்ளத்தாக்குக்கு ரயில் ஏன் வந்தது என்ற செய்தியே அழிந்துபோகிறது.

அடுத்த வழக்கம் இதைவிட மோசமானது. ஜெர்மனியில் தயாராகும் ஒட்டுப்பெட்டிகளை வாங்கி, கருங்காட்டுப் பனிக்காகச் செங்குத்தாகச் சரிந்த கூரையுள்ள நிலையத்தை அப்படியே மேற்குத் தொடர்ச்சி மலையடியில் வைத்துவிடுவது. ‘கிடைப்பது அதுதான்’ என்பது சமாதானம். ஒரு விநோதத்தைக் கவனியுங்கள். நம்முடைய இன்றைய அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். 1:87 அளவில் அது 19 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வரவேண்டும். சந்தையில் கிடைக்கும் 16.5 மில்லிமீட்டர் தண்டவாளமோ ஐரோப்பாவின் 1435 மில்லிமீட்டர் பாதைக்கு உரியது. ஆகவே இன்றைய அகலப்பாதை வண்டிகளைப் பலரும் ஒல்லியான தண்டவாளத்தில்தான் ஓட்டுகிறார்கள். மீட்டர்கேஜின் நிலைமை மாறானது. ஒரு மீட்டர் என்பது இந்த அளவில் 11.5 மில்லிமீட்டர், அதற்கு 12 மில்லிமீட்டர் தண்டவாளம் கடையிலேயே கிடைக்கிறது. நாம் இழந்துவிட்ட ரயிலை, ஓடிக்கொண்டிருக்கும் ரயிலைவிடத் துல்லியமாகச் செய்ய முடியும் என்று பொருள். பாதையில் இவ்வளவு துல்லியம் கைக்கெட்டும்போது கட்டடத்தில் மட்டும் ‘எதுவானால் என்ன’ என்பது சோம்பல் அன்றி வேறில்லை.

இந்தப் பள்ளத்தாக்கில் இன்னொரு சபலமும் உண்டு. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை தேயிலைக்காக ஒரு குறும்பாதை இருந்தது. 1902இல் ஒற்றைத் தண்டவாள அமைப்பாகத் தொடங்கியது அது. எடையைத் தண்டவாளத்துச் சக்கரம் சுமக்க, பக்கத்துப் பெரிய சக்கரம் சாலையில் உருண்டு வண்டி சாயாமல் காக்க, மாடுகள் இழுத்தன. 1908இல் அது இரண்டடி அகல இருதண்டவாளப் பாதையாக மாறியது. டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கிய தேயிலை, மாட்டுவண்டியில் போடி சேர்ந்தது. 1924 ஜூலை வெள்ளம், மலையாளிகள் கொல்லம் ஆண்டு 1099ஐ வைத்துத் தொண்ணூற்றொன்பதின் வெள்ளம் என்று இன்றும் சொல்லும் அந்தப் பேரழிவு, மலைமேல் இருந்த பாதையைக் கொண்டுபோனது. பிறகு அது போடப்படவில்லை. மூணாறின் அந்நாளைய நிலையக் கட்டடம் தேயிலை நிறுவனத்தின் அலுவலகமாக மாறியது.

மேசைமேல் இவ்விரு ரயில்களையும் ஒரே சமயத்தில் ஓடவிட்டால் கண்கொள்ளாக் காட்சிதான். ஆனால் மலை ரயில் போனது 1924இல், போடிக்கு ரயில் வந்தது 1928இல். இரண்டும் ஒருநாள்கூட ஒன்றையொன்று பார்த்ததில்லை. அந்த நான்காண்டு இடைவெளிதான் இந்தப் பள்ளத்தாக்கின் ரயில் வரலாறு. அதைத் தூர்ப்பவர் வரலாற்றைத்தான் தூர்க்கிறார். கற்பனைப் பாதையே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வழியாக லோயர் கேம்ப் வரை ரயில் கேட்டுப் பள்ளத்தாக்கு மக்கள் குரல் கொடுத்துவருவது நெடுங்காலக் கதை. வராத அந்த ரயிலை ஒருவர் மாதிரியில் ஓடவிட்டால் மனமுவந்து பார்ப்போம். அடியில் ‘இது நடக்கவில்லை’ என்று ஒரு பலகை இருக்க வேண்டும், அவ்வளவே.

கட்டடத்தின் ஆண்டும் அளவும் அற்ப விவரங்கள் என்று நினைப்பவர்கள் 2021இல் மதுரையில் நடந்ததை நினைவுகூரட்டும். நத்தம் சாலையில் கலைஞர் நூலகத்துக்குத் தேர்ந்தெடுத்த இடத்தில் இருந்த கட்டடம் பென்னிகுயிக் வாழ்ந்த இல்லம் என்று சொல்லப்பட்டு எதிர்ப்பு எழுந்தது. முல்லைப்பெரியாற்று நீரைக் குடித்து வளரும் கம்பம் பள்ளத்தாக்கில் அந்தப் பெயர் வெறும் பெயரல்ல; பொங்கலன்று பெரியவர்கள் அவருக்குப் படையலிடும் ஊர்கள் அவை. அரசுத் தரப்பு ஆவணங்களைக் காட்டி, கட்டுமானம் தொடங்கியது 1912இல், முடிந்தது 1913இல் என்றது. பென்னிகுயிக் மறைந்ததோ 1911 மார்ச்சில். அரசியலை ஒதுக்கிவைத்துப் பார்த்தால் நமக்கு வேண்டிய பாடம் ஒன்று இதில் உண்டு. உணர்ச்சி எவ்வளவு உண்மையானதாக இருந்தாலும், ஒரு கட்டடத்தைப் பற்றிய கேள்விக்கு விடை தருவது அதன் ஆவணம்தான். ஆண்டிபட்டியின் பழைய மீட்டர்கேஜ் நிலையத்தைப் பற்றி நாளை ஒரு கேள்வி எழுந்தால் நம்மில் யார் கையில் அத்தகைய தாள் இருக்கிறது?

தாளின் வலிமைக்குப் பெரிய சாட்சி வார்சா நகரம். 1944 எழுச்சிக்குப் பின் நாஜிப் படைகள் அந்நகரைத் திட்டமிட்டு இடித்தன. அங்குள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைத் துறையினர் அளந்து வரைந்து வைத்திருந்த படங்கள் வேறோர் ஊரின் மடாலயத்தில் ஒளித்துக் காப்பாற்றப்பட்டன. போருக்குப்பின் பழைய நகரம் மீண்டும் எழ அவை துணைநின்றன. பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியர் பெலோட்டோவின் நகரக் காட்சிகளும் பயன்பட்டன. ஆனால் ஓவியர் அழகுக்காகச் சிலவற்றை மாற்றியிருந்தார். ஓவியம் கவரும், அளவுப்படம் காக்கும். மாதிரி செய்பவர் இவற்றில் எதன் பக்கம் நிற்கிறார் என்பதே நம் கேள்வி.

போடி ரயில் விஷயத்தில் இது இன்றே செய்யவேண்டிய வேலை. மீட்டர்கேஜ் வண்டி கடைசியாக ஓடியது 2010 டிசம்பர் 31. தேனிக்கு அகலப்பாதை ரயில் வந்தது 2022 மே மாதம், போடிக்கு 2023 ஜூன் மாதம். இடைப்பட்ட ஆண்டுகளில் ரயிலே பார்க்காமல் ஒரு தலைமுறை பள்ளி முடித்துவிட்டது. புதிய ரயிலில் எங்களுக்கும் மகிழ்ச்சிதான். பழைய பாதைக்காக யாரும் புதிய பாதையை எதிர்க்க வேண்டியதில்லை. ஆனால் பழைய நிலையங்களில் எது இடிந்தது, எது உருமாறியது, எது முட்புதருக்குள் மிச்சமிருக்கிறது என்பதை ஊர் ஊராகப் போய்ப் பதிவுசெய்தாக வேண்டும்.

அதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. நிற்கும் சுவரை அளவுநாடாவால் அளக்கலாம். எட்டாத உயரத்துக்குச் செங்கல் வரிசைகளை எண்ணலாம். கட்டடம் போய்விட்ட இடத்தில் பழைய புகைப்படம் உதவும். படத்தில் தண்டவாளம் குறுக்குவாட்டில் தெரிந்தால் ஒரு மீட்டர் அளவுகோல் அதற்குள்ளேயே கிடைக்கிறது, தூரத்தால் சிறுத்துத் தெரிவதைக் கழித்துக்கொண்டால் போதும். கல்யாண ஆல்பங்களிலும் வழியனுப்பும் படங்களிலும் பின்னணியாக நின்ற சுவர்கள் எத்தனையோ. ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்களும் ஏலக்காய் மூட்டை ஏற்றியவர்களும் கதவு எந்தப் பக்கம் திறந்தது என்று இன்றும் சொல்லக்கூடும். பொறியியல் கல்லூரி மாணவர்கள் நான்கு பேருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை இது.

‘யாருக்குத் தெரியப்போகிறது’ என்பதுதான் எதிர்த்தரப்பின் மிச்சமிருக்கும் ஒரே வாதம். தெரிந்தவர்கள் குறைந்துவருவதே நாங்கள் அவசரப்படுவதற்கும் காரணம். எழும்பூரை நாம் செய்யாவிட்டாலும் அதற்கு ஒன்றும் நேராது. அதைப் பார்க்கவும் படமெடுக்கவும் ஆயிரம் பேர் உண்டு. போடியைச் செய்ய இந்த ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாரும் வரமாட்டார்கள். எனவே மேசையில் முதல் ஆணியை அடிக்கும் முன் நண்பர்கள் ஒருமுறை அளவுநாடாவோடு பாதை நெடுக நடந்துவிட்டு வரட்டும்.