ராடார் பயம்

விமான நிலையத்தில் சுழலும் ராடார் தட்டைக் கண்டு, அதன் கதிர் தங்களைக் கொன்றுவிடுமென்று பயப்படுகிறவர்கள் அநேகர். கண்ணுக்குத் தெரியாததற்கெல்லாம் நடுங்குவது பழைய பேய்ப் புத்தியேயாகும். அளந்து பார்த்தவர் எவர்?

ராடார் வீசுவது ரேடியோ அலை. எக்ஸ்ரேயைப்போல் அணுவை அயனியாக்கும் வலிவு அதற்குக் கிடையாது. மிகுதியாய்ப் பட்டால் உடம்பைச் சூடாக்கும். தட்டு சுழல்வதால் ஒருவர்மீது கணநேரமே படும். தூரம் இரட்டித்தால் வலிவு காற்பங்காகும்.

ஆனால், உள்ளே வேலை செய்கிறவன் கதி என்ன? அலையை உண்டாக்கும் குழாய்களில் சில, மின்சார அழுத்தத்தின் மிகுதியால் எக்ஸ்ரேயையும் கக்கும். ஜெர்மன் ராணுவ ராடார்களின் மூடியைத் திறந்துவைத்துப் பழுதுபார்த்தவர்களில் பலர் பிற்காலத்தில் புற்றுநோய் கண்டு நஷ்டஈடு கேட்டார்கள். 1975க்கு முன் அவர்கள்மீது பட்ட அளவைச் சரிவரக் கணக்கிட முடியாதென்றும், ஆகவே தகுதியுள்ளவர்களின் கோரிக்கையை ஏற்கலாமென்றும் 2003ல் விசாரணைக் கமிஷன் அறிக்கை தந்தது.

தோழர்களே! அன்றே அளக்காமற்போனது யார் குற்றம்? தொழிலாளியா அளவுகருவி வாங்குவான்? வெளியே நின்றவன் வீணாய்ப் பயந்தான். உள்ளே நின்றவன் மேலதிகாரியை வீணாய் நம்பினான். பயமும் நம்பிக்கையும் இரண்டுமே குருடு. ஆகையால் நாம் கேட்பது ஒன்றே: அளந்து பார், அளந்ததை ஊரறியச் சொல்!