பெருசுகளின் இரட்டைக்குழலும் என் பலூன் துப்பாக்கியும்

முதல்லயே சொல்லிடறேன், இது கமல் படத்துல வர்ற பாபநாசம் இல்லை. அது திருநெல்வேலிப் பக்கம். நம்மளோடது தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவுல, குடமுருட்டிக் கரையில இருக்கற பாபநாசம். அந்தப் படத்துல போலீஸ், இந்தப் பதிவுல என் பெரியப்பா. ரெண்டுமே டென்ஷன்தான்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஆணி பிடுங்கற வேலைக்கு நாலு நாள் லீவு. கூடவே என் ஏர் ரைஃபிளையும் எடுத்துட்டுப் போனேன். மாட்டுப்பொங்கல் அன்னைக்குக் கொல்லையில பத்து மீட்டர் அளந்து, மண்சுவர்ல அட்டையை ஒட்டிச் சுட்டுக்கிட்டிருந்தேன். வெத்தலையைக் குதப்பிக்கிட்டே பெரியப்பா வந்தார். அஞ்சு நிமிஷம் பார்த்தார்.

"ஏன்டா தம்பி, மகாமகத்துல பலூன் சுடுவானே, அந்தத் துப்பாக்கியத் தூக்கிட்டு வந்துட்டியா?"

பின்னாடியே ரெண்டு மாமா. துப்பாக்கின்னா தோள்ல உதைக்கணுமாம், காது அடைக்கணுமாம், மருந்து வாசனை வரணுமாம். உங்க தலைமுறைக்கு எல்லாமே பொம்மைதான்னு தீர்ப்பு. "நீங்க ஒரு அஞ்சு சுடுங்க பெரியப்பா"ன்னு கையில கொடுத்தேன். அஞ்சுல அட்டையைத் தொட்டது ஒண்ணு. ஒண்ணு முருங்கை மரத்துல. மீதி மூணு மண்சுவருக்கே வெளிச்சம். "இதுல வெயிட்டே இல்லடா, அதான்"னு சொல்லிட்டு உள்ள போய் பீரோவைத் திறந்து தாத்தாவோட பன்னிரண்டு போர் இரட்டைக்குழலைக் கொண்டு வந்தார். பர்மிங்ஹாம் சரக்கு. கட்டை அப்படியே கருப்பட்டி நிறம். உண்மையைச் சொல்றேன், அழகான பொருள்தான். கையில வாங்கினா திருப்பிக் கொடுக்க மனசு வராது.

அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தாங்க. தாத்தாவுக்கு 84 வயசு. லைசென்ஸ்காரருக்கு 70 வயசு ஆயிட்டா, இல்லை 25 வருஷம் துப்பாக்கி வச்சிருந்துட்டா, உயிரோட இருக்கும்போதே வாரிசு பேருக்கு மாத்த மனு போடலாம்னு 2016 ஆயுத விதிகள்ல இருக்கு. குடும்பத்துல துப்பாக்கிப் பைத்தியம் நான் ஒருத்தன்தான். அதனால என் பேருக்கு மாத்திக்கணும். மாட்டேன்னேன். அன்னைக்கு ஆரம்பிச்ச சண்டை இன்னும் முடியலை. "இந்தக் காலத்துப் பசங்களுக்கு நல்ல துப்பாக்கியோட அருமை தெரியலை" என்பதுதான் அவங்க கட்சி. நேர்ல மரியாதைக்கு வாயை மூடிக்கிட்டு நின்னதை இங்க கொட்டறேன்.

மொதல்ல இந்த 'அருமை'யை எடுத்துக்குவோம். பெருசுகளுக்கு இரட்டைக்குழல் பிடிச்சது ரசனையால இல்லை. அவங்களுக்குக் கிடைச்சது அதுதான். ராணுவம் பயன்படுத்தின .303 சாதாரண ஆளுக்குக் கிடையாது. அதனாலதான் இஷாப்பூர் தொழிற்சாலை .315னு ஒரு தினுசு போட்டு நம்மாளுங்களுக்கு வித்தது. எண்பதுகளின் நடுவுல வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதியை நிறுத்தினாங்க. உடனே வெப்ளி ஸ்காட், கிரீனர்னு வீட்டுல ஏற்கெனவே கிடந்ததுக்கெல்லாம் கிராக்கி ஏறிடுச்சு. கதவை மூடினதால ஏறின விலையைப் பார்த்து "அந்தக் காலத்துத் தரம்டா"ன்னு மீசையை முறுக்கறது, ரேஷன்ல பாமாயில் மட்டும் கிடைச்ச ஊர்ல பாமாயில் ருசியைப் பத்திப் பேசற மாதிரி.

என் கதையும் அதே லட்சணம்தான், மறைக்கலை. அதே 2016 விதிகள்படி .177க்கு மேல போகாத, 20 ஜூலுக்கு உட்பட்ட காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டாம். அதனால வாங்கினேன். வாங்கின அப்புறம்தான் பிடிச்சுப் போச்சு. ரெண்டு தலைமுறைக்கும் ரசனையைத் தீர்மானிச்சது கலெக்டர் ஆபீசும் உள்துறை அமைச்சகமும். நாம அதுக்கு 'டேஸ்ட்'னு பேர் வச்சுக்கிட்டு அடிச்சுக்கறோம்.

சரி, வாங்கினது எதுக்கு? பயிர்ப் பாதுகாப்புக்குன்னு ஒரு பதில் ரெடியா இருக்கும். மலையடிவாரத்துல காட்டுப்பன்றி வாட்டற ஆளு சொன்னா கேட்டுக்கலாம். எங்க ஊர்ல நெல்லுக்கு எதிரி எலி. எலிக்கு மூங்கில்ல செஞ்ச தஞ்சாவூர் கிட்டி இருக்கு. வயல்ல அங்கங்க கம்பு நட்டு வச்சா ராத்திரி ஆந்தை வந்து உட்கார்ந்து மிச்சத்தைப் பார்த்துக்கும். பன்னிரண்டு போரை எடுத்துட்டுப் போய் எலி சுட்ட மிராசுதார் கதையை டெல்டாவுல யாராவது கேட்டிருக்கீங்களா? கொக்கு சுட்டாங்க, நாரை சுட்டாங்க, அது நிஜம். 1972ல வனவுயிர் சட்டம் வந்த அப்புறம் அதுவும் குற்றம். ஆனா துப்பாக்கி மட்டும் அம்பது வருஷமா பீரோவுல இருக்கு. தேர்தல் வந்தா ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும், முடிஞ்சதும் வாங்கிட்டு வரணும். 2024 தேர்தலுக்கும் அப்படித்தான் போயிட்டு வந்துச்சு. எனக்குத் தெரிஞ்சு அது செஞ்ச ஒரே பிரயாணம் அதுதான்.

அப்ப எதுக்குத்தான் இருந்துச்சு? பதில் எனக்கு எதிர்பாராத இடத்துலேர்ந்து வந்தது. ஆர்வக்கோளாறுல தாத்தா துப்பாக்கியைப் போட்டோ எடுத்து பள்ளிக்கூட நண்பர்கள் வாட்ஸப் குழுவுல போட்டிருந்தேன். கட்டைவிரல், தீ, சிங்கம்னு பொம்மைகள் வந்து விழுந்துச்சு. எங்க வயல்ல வேலை பார்த்தவரோட மகன் ஒருத்தன், என்கூடப் படிச்சவன், இப்ப திருப்பூர்ல இருக்கான். அவன் மட்டும் தனியா ஒரு வரி அனுப்பினான்: "அது இன்னும் இருக்காடா?"

'இன்னும்'. அந்த ஒரு வார்த்தையை வச்சுக்கிட்டு ரெண்டு நாள் தூங்கலை.

1878ல வெள்ளைக்காரன் ஆயுதச் சட்டம் போட்டதுலேர்ந்து இந்தியாவுல லைசென்ஸ் யாருக்குக் கிடைச்சதுன்னு யோசிச்சுப் பாருங்க. நிலம் இருந்தவனுக்கு, துரையோட நல்ல அபிப்பிராயம் இருந்தவனுக்கு. எங்க ஜில்லாவுல சவுக்கடியும் சாணிப்பாலும் இருந்த காலம். பண்ணையாளை நினைச்சபடி வெளியேத்தக் கூடாதுன்னு சொல்றதுக்கே 1952ல தனிச் சட்டம் தேவைப்பட்ட ஜில்லா. 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழவெண்மணியில 44 பேரைக் குடிசைக்குள்ள வச்சு எரிச்சாங்களே, அப்பவும் வந்தவங்க கையில துப்பாக்கி இருந்துச்சு, சுட்டாங்க. அது அன்னைய ஒருங்கிணைந்த தஞ்சை மாவட்டம். எங்க வீட்டுத் துப்பாக்கிக்கும் வெண்மணிக்கும் சம்பந்தம் இல்லை. ஆனா வரப்புல நின்ன ஆளுக்கு எந்தத் துப்பாக்கி யாரு வீட்டுதுன்னு பிரிச்சுப் பார்க்க அவசியம் இருந்திருக்காது. 'பாரம்பரியம்', 'கம்பீரம்'னு மாமா சொல்ற அதே சாமானுக்கு அந்தப் பக்கத்துல வேற பேரு.

வீரத்துக்கு வருவோம். பலூன் துப்பாக்கியில என்ன வீரம் இருக்குன்னு கேட்டாரு பெரியப்பா. பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் அட்டையில பத்து பாயின்ட்டுக்கான வட்டம் அரை மில்லிமீட்டர். அரிசியில பாதிகூட இல்லை. அதை 75 நிமிஷத்துல அறுபது தடவை அடிக்கணும். நெஞ்சு துடிச்சா அந்தத் துடிப்பே துப்பாக்கியை ஆட்டும். 2008 பெய்ஜிங்ல அபினவ் பிந்த்ரா கடைசிக் குண்டை 10.8 அடிச்சுத்தான் தங்கம் வாங்கினார். கடலூர்ல பிறந்த இளவேனில் வாலறிவன் ரெண்டு ஒலிம்பிக் போனது இந்த 'பொம்மை'யோடதான். பறவைக்குப் போடற பன்னிரண்டு போர் தோட்டாவுல நூத்துக்கணக்குல ரவை இருக்கும், சுட்டா விரிஞ்சுக்கிட்டுப் போகும். உட்கார்ந்திருக்கற கொக்கை அதால அடிக்கறதுல என்ன பெருமை? (டிராப் சுடறவங்க கோவிச்சுக்காதீங்க. பறக்கற தட்டை அடிக்கறது வேற வித்தை, கும்பிடறேன்.)

இன்னொண்ணு. அந்தக் காலத்துல இந்த விளையாட்டுக்குன்னு ஒலிம்பிக் போனவர் யாரு? பிகானீர் மகாராஜா கர்னி சிங். 1960லேர்ந்து 1980க்குள்ள அஞ்சு ஒலிம்பிக், பன்னிரண்டு போர். பெரிய ஆட்டக்காரர், சந்தேகமே இல்லை. 2024 பாரிஸ்ல அம்பது மீட்டர் ரைஃபிள்ல வெண்கலம் வாங்கின ஸ்வப்னில் குசாலே யாரு? அப்போ ரயில்வேல டிக்கெட் பரிசோதகரா இருந்தவர். மகாராஜாகிட்டேர்ந்து டிடிஇ கைக்கு வந்திருக்கு. எனக்கு இதுல வருத்தப்பட ஒண்ணும் தெரியலை. நல்ல போட்டி ரைஃபிள் ஜெர்மனியிலேர்ந்து வரணும், லட்சக்கணக்குல ஆகும், அதனால இன்னும் முழுசா இறங்கி வரலைங்கறது வேற வருத்தம்.

உடனே நம்ம வயசுப் பசங்க விசிலடிக்க வேண்டாம். உங்களுக்கும் இருக்கு. ரேஞ்சுல பக்கத்துல நின்னு சுடற தம்பி ஒருத்தன், அட்டையில எட்டைத் தாண்டினதில்லை. கேக்கறதெல்லாம் "அண்ணா, இதே கறுப்புல, மேல டெலஸ்கோப் மாட்டற மாதிரி வருமா?" பப்ஜியை 2020ல தடை பண்ணினாங்க, அதுல கத்துக்கிட்ட மாடல் நம்பர்களை யாரும் தடை பண்ண முடியலை. கைதி (2019) படத்துக் கடைசியில கார்த்தி சுழல்துப்பாக்கியைப் பிடிச்சப்போ நானும்தான் கத்தினேன். எண்பது கிலோமீட்டர் தள்ளி திருச்சி தொழிற்சாலையில ஏகே ரகத் துப்பாக்கி செய்யறாங்கன்னு ஒரு குரூப்புல சொன்னா, அடுத்த கேள்வி "நாம வாங்கலாமா?" எதுக்குடா? அங்கயும் பதில் கிடையாது. நாலு பேர் பார்க்கணும், அவ்வளவுதான். தாத்தா காலத்துல வால்நட் கட்டை, இப்போ கறுப்பு பிளாஸ்டிக். ஆசை ஒண்ணுதான்.

கிளம்பறதுக்கு முதல்நாள் ராத்திரி தாத்தா திண்ணையில கூப்பிட்டு உட்கார வச்சார். பெருசுகள் சண்டையில அவர் ஒரு வார்த்தை பேசலை. திருப்பூர்க்காரன் அனுப்பின வரியைப் படிச்சுக் காட்டினேன். ரொம்ப நேரம் வாசலையே பார்த்துக்கிட்டிருந்தார்.

"அவன் தாத்தாவ எனக்குத் தெரியும். அறுப்பு சமயத்துல கூலி கூடக் கேட்டு நின்னானுங்க. நான் இதைத் தோள்ல போட்டுக்கிட்டு வரப்புல ஒரு நடை நடந்தேன். தோட்டா போடலைடா. ஆனா அது அவனுக்குத் தெரியாதுல்ல."

அப்புறம் அவரே, "உன் பேருக்கு வேணாம்"னார்.

மாவட்ட நிர்வாகத்துக்கு ஒப்படைப்புக் கடிதம் நான்தான் டைப் பண்ணினேன். தாத்தா கையெழுத்துப் போட்டுட்டார். பெரியப்பா இன்னும் என் போனை எடுக்கறதில்லை. திருப்பூர்க்காரனுக்கு என்ன பதில் எழுதறதுன்னு தெரியாம அந்த மெசேஜ் இன்னும் அப்படியே கிடக்கு.

டிஸ்கி: ஏர் ரைஃபிள் வச்சு மைனா, கொக்கு சுடலாமான்னு கேட்கப் போற அன்பர்களுக்கு, லைசென்ஸ் வேண்டாம்னா பறவையைச் சுடலாம்னு அர்த்தம் இல்லை. அட்டை வாங்கிக்கோங்க, விலை கம்மி :-)