அரைத்துக் கொடுப்பதுதான் அன்பா?

 

கடந்த ஆண்டு எங்கள் மதரஸாவின் ஆண்டு விழா முடிந்தபின் பிள்ளைகளுக்கு இட்டிலி பரிமாறினோம். அக்காளின் கைப்பிடித்து வந்திருந்த மூன்று வயதுச் சிறுவன் ஒருவனுக்கும் ஒரு தட்டு வைக்கப்பட்டது. ஒரு துண்டை வாயில் இட்ட அவன், மெல்லவும் அறியாமல், விழுங்கவும் அறியாமல், கன்னத்தில் அடக்கிக்கொண்டு கண்ணீர் விட்டான். ஓடிவந்த அவனுடைய உம்மா, “ஹஜ்ரத், இவனுக்கு எதையும் மிக்ஸியில அடிச்சுத்தான் கொடுப்போம். கட்டியா இருந்தா இறங்காது” என்றார். சுற்றி நின்றோர், “பிள்ளையை எவ்வளவு பக்குவமாப் பார்க்கிறா!” என்று மெச்சினார்கள்.

அந்த மெச்சுதலைத்தான் நான் மறுக்கிறேன். அந்தத் தாயை அல்ல. பிள்ளைக்கு மெல்லக் கற்றுக் கொடுக்காமல் இருப்பதை அன்பு என்று பெயரிட்டுப் போற்றும் நம் வழக்கத்தைத்தான் மறுக்கிறேன்.

பிறரைச் சுட்டும் முன் என்னைச் சுட்டிக்கொள்வதே முறை. என் மூத்த மகள் எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது, மசித்த வாழைப்பழத்தில் இருந்த ஒரு சிறு கட்டி பட்டு ஓங்கரித்தாள். முகம் சிவந்தது, இருமினாள், அதைத் துப்பிவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்துவிட்டாள், நானோ அஞ்சிவிட்டேன். “இனி ஒரு பருக்கைகூட முழுசாக் கொடுக்கக் கூடாது” என்று என் மனைவியிடம் கடிந்து சொன்னேன். அவர் மறுத்துப் பேசவில்லை. இரண்டு வயதில் என் மகள் சோற்றுப் பருக்கையைக் கண்டாலே முகத்தைத் திருப்பினாள். அப்போது உறவினர்கள் யாரைக் குறை கூறினார்கள் தெரியுமா? என்னை அல்ல, அவளுடைய உம்மாவை. என் அச்சத்தின் விலையை அவர் செலுத்தினார். அல்லாஹ் என்னை மன்னிப்பானாக!

சகோதரர்களே, மெல்லுதல் என்பது நடப்பதைப் போன்று பயிற்சியால் வருவது. தாய்ப்பாலை உறிஞ்சும் திறனோடு குழந்தை பிறக்கிறது. மெல்லும் திறனை அது கற்க வேண்டியிருக்கிறது. உணவை நாவால் ஓரத்திற்குத் தள்ளுவதும், ஈறுகளுக்கிடையே நசுக்குவதும், மீண்டும் நடுவே திரட்டி விழுங்குவதும் கட்டியான உணவு வாய்க்குள் சென்றால்தான் பழகும். ஆறு மாதம் நிறைந்ததும் துணை உணவைத் தொடங்குமாறு உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டுகிறது. எட்டு மாதமளவில் பெரும்பாலான குழந்தைகளால் கையில் எடுத்து உண்ணும் மென்மையான உணவை உண்ண முடியும். ஒரு வயதில் வீட்டார் உண்ணும் உணவு வகைகளையே உண்ண முடியும். கட்டியுள்ள உணவைப் பத்து மாதத்திற்கு மேல் தள்ளிப்போட்டால், பின்னாளில் உண்பதில் சிரமங்கள் நேரும் வாய்ப்பு கூடலாம் என்றும் அந்நிறுவனத்தின் வழிகாட்டுதல் எச்சரிக்கிறது. நாமோ, பிள்ளை கற்க ஆயத்தமாக இருக்கும் அந்தக் காலத்தில் மிக்ஸியை ஓடவிட்டுவிட்டு, மூன்று வயதில், “இவன் ஏன் சாப்பிட மாட்டேங்கிறான்?” என்று தண்ணீர் ஓதிக் கேட்டு ஹஜ்ரத்திடம் வருகிறோம்!

இதற்கு நம்மவர் கூறும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

“பல் முளைக்கவில்லையே” என்கிறார்கள். முன்பற்கள் கடிப்பதற்கே உரியவை. அரைக்கும் கடைவாய்ப் பற்கள் பெரும்பாலும் ஒரு வயதுக்குப் பின்னரே வெளிவருகின்றன. அதுவரை அந்த வேலையைச் செய்பவை உறுதியான ஈறுகள். கட்டை விரலுக்கும் சுட்டு விரலுக்கும் இடையே வைத்து அழுத்தினால் நசுங்கும் எதையும் அந்த ஈறுகள் நசுக்கும்.

“தொண்டையில் சிக்கிவிடும்” என்கிறார்கள். இந்த அச்சத்தை நான் எள்ளி நகையாட மாட்டேன். நானே அதில் விழுந்தவன். ஆனால் ஓங்கரிப்பு வேறு, மூச்சடைப்பு வேறு. ஓங்கரிக்கும் குழந்தை சத்தமிடும், இருமும், முகம் சிவக்கும். அது பெரிய துண்டை முன்னே தள்ளுவதற்காகப் படைத்தவன் வைத்த காவல். குழந்தைகளுக்கு அந்தக் காவல் நாவின் முன்பகுதியிலேயே விழித்திருக்கிறது. வளர வளரப் பின்னே நகர்கிறது. மூச்சடைத்த குழந்தையிடம் சத்தம் இராது. அழ இயலாது, இரும இயலாது, உதடு நீலம் பாயும். அப்போது ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தலை தாழக் குப்புறக் கிடத்தி முதுகில் ஐந்து தட்டு, பின் மல்லாத்தி நெஞ்சில் ஐந்து அழுத்து என்று மாறி மாறிச் செய்ய வேண்டும். உடனே 108-ஐ அழைக்க வேண்டும். ஒரு வயதைக் கடந்த பிள்ளைக்கு நெஞ்சுக்குப் பதிலாக வயிற்றில் அழுத்தும் முறை வேறு. இவற்றை ஆணும் பெண்ணும் நேரில் பயின்று வைத்திருப்பது கடமை. அச்சத்திற்கு மருந்து அறிவு, மிக்ஸி அன்று.

உண்மையில் அஞ்ச வேண்டியவற்றுக்கு நாம் அஞ்சுவதில்லை. இட்டிலிக்கு அஞ்சும் அதே வீட்டில், கந்தூரியிலும் கல்யாணத்திலும் ஓடி விளையாடும் பிள்ளையின் வாயில் முழு வேர்க்கடலையையும், முழுத் திராட்சையையும், கொட்டை நீக்காத பேரீச்சம் பழத்தையும் திணிக்கிறோம். முழுக் கடலை, முந்திரி வகைகளை ஐந்து வயது வரை தரக் கூடாது. திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்கித் தர வேண்டும். மீனில் முள்ளை விரலால் தடவிப் பார்த்து நீக்க வேண்டும். ஒரு வயதுக்கு முன் தேன் தரவே கூடாது. இருவர் உண்ணுமளவு கறியை ஒரே துண்டாகத் தருவதும், படுக்க வைத்து ஊட்டுவதும், பின்னால் ஓடி ஓடி ஊட்டுவதும் ஆபத்தே.

“அரைத்துக் கொடுத்தால் நிறையச் சாப்பிடுகிறான்” என்கிறார்கள். அவன் சாப்பிடவில்லை, நீங்கள் ஊற்றுகிறீர்கள், அவன் விழுங்குகிறான். அதற்குத் துணையாகக் கையில் செல்பேசியும் கொடுத்துவிட்டால், வாய்க்குள் போனது காரட்டா கறியா என்பதுகூட அவனுக்குத் தெரியாது. பிஸ்மில்லாஹ் சொல்லிக் கொடுக்க வேண்டிய நேரத்தில் கார்ட்டூன் பாட்டு ஓடுகிறது. வயிறு நிரம்பியதைத் தானே உணர்ந்து நிறுத்தும் தன்மையை அவனிடமிருந்து பறித்துவிட்டு, பின்னாளில் அளவோடு உண்ணும் சுன்னத்தை அவனுக்கு எப்படிப் போதிப்போம்?

“கையில் கொடுத்தால் கீழே சிந்துகிறான், அது இஸ்ராஃப்” என்று மார்க்கத்தையே ஆதாரமாக்குவோரும் உண்டு. அன்பர்களே, கீழே விழுந்த கவளத்தை எடுத்து, அழுக்கை நீக்கி உண்ணுமாறும், அதை ஷைத்தானுக்கு விட்டுவிடாதிருக்குமாறும் நபி (ஸல்) அவர்கள் கற்பித்துள்ளார்கள். அப்படியானால், விரிப்பில் உணவு விழும் என்பது முன்பே அறியப்பட்டதுதானே? சுத்தமான சுஃப்ராவை விரியுங்கள், விழுந்ததை எடுங்கள். உம்மு சலமா (ரலி) அவர்களின் மகன் உமர் (ரலி) சிறுவராக இருந்தபோது அவருடைய கை தட்டெங்கும் சுற்றி வந்ததை நாம் அறிவோம். நபியவர்கள் அவருடைய கையை விலக்கிவிட்டுத் தாமே ஊட்டிவிடவில்லை. அல்லாஹ்வின் பெயர் கூறவும், வலக்கையால் உண்ணவும், தம் பக்கத்தில் உள்ளதை உண்ணவும் கற்றுக் கொடுத்தார்கள். தட்டில் கை வைத்தபின்தான் ஒழுக்கம் கற்பிக்கப்பட்டது. கை வைக்கவே விடாத பிள்ளைக்கு நாம் எந்த ஒழுக்கத்தைக் கற்பிப்போம்?

இப்போது வாப்பாமார்களிடம் வருகிறேன். சூரத்துல் பகராவின் 233ஆம் வசனம், பால்குடியை நிறுத்துவதைத் தாயும் தந்தையும் மனமொப்பிக் கலந்தாலோசித்து முடிவு செய்யும் காரியமாக ஆக்கியுள்ளது. பிள்ளையின் பொருட்டுத் தாய் துன்புறுத்தப்படலாகாது என்பதும் அதே வசனத்தின் கருத்து. பால்குடியை நிறுத்துவதற்கே கலந்தாலோசனை வேண்டுமென்றால், பாலிலிருந்து சோற்றுக்குப் போகும் வழி முழுவதும் ஒருத்தியின் தலையில் ஏற்றப்படுவது எவ்வகை நீதி? வளைகுடாவிலிருந்து காணொளியில், “பிள்ளை மெலிஞ்சுட்டானே, என்ன செய்றே?” என்று கேட்பது கலந்தாலோசனை அன்று. மாமி அரைக்கச் சொல்ல, உம்மும்மா பிசையச் சொல்ல, நடுவே நிற்கும் மருமகள் யார் சொல்லைக் கேட்பாள்? முடிவை நீங்கள் இருவரும் எடுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் அதை எடுத்துச் சொல்லும் பொறுப்பை வாப்பா ஏற்கட்டும்.

காலம் கடந்துவிட்டதே என்று கலங்குவோருக்கு நாங்கள் சென்ற வழியைச் சொல்கிறேன். மிக்ஸியை ஒரே நாளில் ஒதுக்கவில்லை. முதலில் அரைக்கும் நேரத்தைக் குறைத்தோம். சில நாட்கள் கழித்து, அரைத்த உணவில் முள்கரண்டியால் மசித்ததை ஒரு கரண்டி கலந்தோம். அடுத்த வாரம் இரண்டு. நீர்த்த உணவில் கட்டி மிதப்பது குழந்தைக்குக் கடினமானது. ஆகவே கெட்டியாக மசித்தோம். அவள் பழகிய உணவின் பக்கத்தில், அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கின் ஒரு துண்டையோ, பப்பாளியையோ, இட்டிலியையோ பேசாமல் வைத்தோம். தொட்டாள், நசுக்கினாள், எறிந்தாள். நாங்கள் வற்புறுத்தவில்லை, புகழவும் இல்லை. புதிய உணவை எட்டு, பத்து முறை கண்ட பின்னரே பல குழந்தைகள் வாயில் வைக்கும். பழக்கமில்லாத உணவை நாடாமல் இருப்பது குற்றமும் அன்று. தம் ஊரில் இல்லாத உடும்பு இறைச்சியை நபியவர்களே உண்ணாமல் விட்டிருக்கிறார்கள், உண்டவரைத் தடுக்கவும் இல்லை. உணவுக்கிடையே பால் கொடுப்பதைக் குறைத்தோம்; பசியில்லாத பிள்ளை எதைக் கற்கும்? ரமளானில் நோன்புக் கஞ்சி எங்களுக்குப் பேருதவியாக இருந்தது. உப்பும் காரமும் சேர்க்குமுன் ஒரு கிண்ணம் தனியே எடுத்து, அரிசியும் பருப்பும் குழைந்த அந்தக் கஞ்சியைக் கெட்டியாக வைத்து, எங்களுடன் இஃப்தாருக்கு உட்கார வைத்தோம். நாங்கள் மெல்லுவதைப் பார்த்து அவள் மென்றாள். எட்டு மாதங்கள் ஆயின. அல்ஹம்துலில்லாஹ், இன்று சஹனில் எங்களோடு சேர்ந்து உண்கிறாள்.

ஆயினும் ஒன்றை மறவாதீர்கள். குறைமாதத்தில் பிறந்தவர்களும், வாய், நரம்பு, விழுங்குதல் ஆகியவற்றில் குறையுள்ளவர்களும் உண்டு. ஒரு வயது கடந்தும் சிறு கட்டியைக்கூட ஏற்காத, நீர் குடிக்கும்போதே அடிக்கடி புரையேறுகிற, எடை குறைகிற, சளிக்காய்ச்சல் திரும்பத் திரும்ப வருகிற பிள்ளையைக் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். விழுங்கும் பயிற்சியளிக்கும் பேச்சுப் பயிற்சியாளர்களும் இருக்கிறார்கள். ஓதிப் பார்ப்பது இதற்குத் தடையன்று. ஓதிப் பார்த்துவிட்டு மருத்துவரிடம் போகாமலிருப்பதே தவறு. எங்கள் விழாவில் அழுத அந்தச் சிறுவனின் பெற்றோரிடமும் முதலில் இதையே சொன்னேன்.

பிள்ளை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அமானிதத்தைப் பொத்தி வைத்தால் மட்டும் போதாது. அதற்குரிய வளர்ச்சியோடு திருப்பித் தர வேண்டும். வல்ல நாயன் ரிஜ்கைத் தந்தான், அதை மெல்ல வாயையும் தந்தான். அந்த வாய்க்கு அதன் வேலையைக் கற்றுக் கொடுப்போம். இன்றிரவு சுஃப்ராவை விரிக்கும்போது, உங்கள் சிறு பிள்ளைக்கும் ஓரிடம் விடுங்கள்.

நம் பிள்ளைகளைக் கண்குளிர்ச்சியாக அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.