சுட்ட உள்ளியின் சுவையும் ஓர் எச்சரிக்கையும்

உள்ளி இல்லாத சமையலறை நம் நாட்டில் அரிது. பருப்புக்கும் இரசத்துக்கும் அது வேண்டும். மாளிகாவத்தை இல்லங்களில் நோன்பு மாதத்தில் காய்ச்சும் கஞ்சிக்கும் அது வேண்டும். ஆயினும் உள்ளியை நசுக்கித் தாளிப்பதோடு நம்மிற் பலர் நின்றுவிடுகிறோம். அதனைத் தோலோடு சுட்டுச் சமையலிற் சேர்க்கும் முறையை இவ்வாரம் கவனிப்போம்.

பச்சை உள்ளிப் பல்லில் காரம் ஆயத்தமாக இருப்பதில்லை. அல்லியின் என்னும் பொருளும், அதனை மாற்றவல்ல நொதியமும் அதனுள்ளே தனித்தனியாக அடங்கியுள்ளன. நசுக்கும்போது இரண்டும் கலந்து அல்லிசின் பிறக்கின்றது. நாசியைத் துளைக்கும் நெடி அதனாலேயே எழுகின்றது. 1944ஆம் ஆண்டில் அமெரிக்க இரசாயனவியலாளர் இப்பொருளைப் பிரித்தெடுத்தனர். பல்லை முழுதாகச் சுட்டால், நசுக்குவதற்கு முன்னரே வெப்பத்தால் நொதியம் செயலிழக்கின்றது. காரம் அடங்க, இனிப்பு மேலோங்குகின்றது. உள்ளியைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கும் சிறுவரும் சுட்ட உள்ளியை மறுக்காதிருப்பதன் காரணம் இதுவே.

இதற்குப் போறணை வேண்டுமென்பதில்லை. தொடர்மாடி வீட்டின் சிறிய சமையலறையிலும் இதனைச் செய்யலாம். கனத்த தாச்சியை இளஞ்சூட்டில் வைத்து, தோல் நீக்காத பற்களை ஒன்றன்மேல் ஒன்று படியாமற் பரப்பி மூடுக. இடையிடையே புரட்டிவிடுக. பல்லின் பருமனுக்கேற்ப 15 முதல் 20 நிமிடத்தில் தோல் ஆங்காங்கே கருகி, உள்ளே வெண்ணெய் போற் குழையும். தீ மிகுந்தால் வெளியே கரிந்து கசக்கும், உள்ளே வேகாது.

ஆறியபின் நுனியைக் கிள்ளிப் பிதுக்கினால் விழுது வெளிவரும். பருப்பை இறக்கும் வேளையில் நான்கைந்து பற்களை மசித்துச் சேர்க்கலாம். நோன்புக் கஞ்சியிலும் கலக்கலாம். பட்டரும் உப்பும் கூட்டிப் பாணிற் பூசினால் பிள்ளைகளுக்கு நல்ல மாலைச் சிற்றுண்டியாகும்.

இனிச் சொல்வதைக் கருத்தூன்றி வாசிக்குமாறு வேண்டுகிறோம். மிஞ்சிய உள்ளியைப் போத்தலில் இட்டு, எண்ணெய் ஊற்றி, அலுமாரியில் வைக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது பேராபத்து. மண்ணிலுள்ள பொட்டுலினம் என்னும் பக்டீரியாவின் வித்திகள் உள்ளியில் ஒட்டியிருக்கக்கூடும். சுடுவதால் அவை மாளும் என்று நம்புதற்கில்லை. எண்ணெய் காற்றை மறைக்க, அவை முளைத்து நஞ்சைச் சுரக்கும். மணத்திலோ சுவையிலோ வேறுபாடு தெரியாமலும் இருக்கலாம். 1985ஆம் ஆண்டில் கனடாவின் வன்கூவர் நகரில், குளிரில் வைக்கப்படாத எண்ணெய் உள்ளியை உண்ட முப்பதுக்கு மேற்பட்டோர் இந்நஞ்சால் நோயுற்றனர். பார்வை இரட்டையாதல், நாக்குழறல், விழுங்க இயலாமை ஆகியன இதன் அறிகுறிகள், மூச்சும் தடைப்படலாம். அறிகுறி கண்டால் ஒரு கணமும் தாமதியாது வைத்தியசாலைக்கு விரைய வேண்டும்.

கொழும்பின் வெப்பத்தில் இக்கவனம் இருமடங்கு அவசியம். குளிர்ப்பெட்டியையும் முற்றாக நம்பிவிட முடியாது. 2022இல் மின்வெட்டு மணிக்கணக்கில் நீடித்ததை நாம் மறந்திலோம். ஆகவே அன்றைய தேவைக்கு மட்டும் சுடுக. மிஞ்சினால் எண்ணெய் சேர்க்காமல் மூடிக் குளிர்ப்பெட்டியில் வைத்து, மூன்று நாளுக்குள் உண்டு முடிக்குக. ஒரு பிடி உள்ளியைச் சுட இருபது நிமிடம் போதும். அதைச் சேமித்து வைக்க ஒரு குடும்பத்தின் நலனைப் பணயம் வைத்தல் தகுமோ?