மென்பொருளுக்கும் பெயர் உண்டு, பெற்றவரும் உண்டு!

ஆய்வேடுகளின் இறுதியில் துணைநூற்பட்டியல் பக்கம் பக்கமாக நீள்கிறது. தொல்காப்பிய உரை முதல் நேற்றைய நாளிதழ் வரை அனைத்தும் அதில் உள்ளன. ஆனால், அவ்வாய்வின் எண்களைக் கணக்கிட்ட மென்பொருளை மட்டும் காணோம்! ‘கணினியின் துணையால் பகுப்பாய்வு செய்யப்பட்டது’ என்ற ஒற்றை வரியோடு கதை முடிகிறது.

கிளேபாங்கிலும் மலாக்கா நகரிலும் மேற்படிப்பு மேற்கொள்ளும் ஆசிரிய நண்பர்களிடம் இதைச் சொன்னால், “எழுதுகோலுக்கு யாராவது மேற்கோள் காட்டுவார்களா?” என்று கேட்கின்றனர். எழுதுகோல் விடையை மாற்றாது, மென்பொருள் மாற்றும். எக்செல் விரிதாள் மரபணுப் பெயர்கள் சிலவற்றைத் தானாகவே தேதிகளாக மாற்றிவிட்டது. எக்செல் மரபணுப் பட்டியல்களை இணைத்து வெளிவந்த கட்டுரைகளுள் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இத்தகைய பிழை இருந்ததை ஆத்திரேலிய ஆய்வாளர்கள் 2016-இல் வெளிப்படுத்தினர். 2020-இல் மரபணுக்களின் பெயர்களையே மாற்ற வேண்டியதாயிற்று! எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு என்று எழுதாவிட்டால் இத்தகைய பிழையை எங்ஙனம் தேடுவது?

இக்குறை உலகெங்கும் உண்டு. ஓவிசன், புல்லார்ட் ஆகிய இருவர் 90 உயிரியல் கட்டுரைகளை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்ட முடிவின்படி, மென்பொருளைச் சுட்டிய இடங்களுள் பாதியில்கூட முறையான மேற்கோள் இல்லை. அதே ஆண்டில் ‘ஃபோர்ஸ்11’ குழு மென்பொருள் மேற்கோளுக்கான ஆறு நெறிகளை வகுத்தது. மென்பொருளும் ஆய்வுப் படைப்பே என்பது அதன் அடிப்படை. ஏ.பி.ஏ. கையேட்டின் 7-ஆம் பதிப்பு, பரவலாக அறியப்பட்ட மென்பொருளுக்குப் பெயரும் பதிப்பெண்ணும் கட்டுரையினுள் இருந்தால் போதும் என்கிறது. அந்த இரண்டையும் எழுதுவதற்குக்கூடவா நமக்குக் கை வரவில்லை?

தமிழாய்வில் நிலைமை இன்னும் வருத்தத்திற்குரியது. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், தன்னார்வலர்கள் ஊதியமின்றித் தட்டச்சிட்டு மெய்ப்புப் பார்த்த நூல்களில் நொடியில் சொல்லைத் தேடி எடுக்கிறோம். பிறகு, கண்ணாலும் காணாத அச்சுப் பதிப்பைப் பட்டியலில் எழுதுகிறோம். அம்மின்னூல்களின் முகப்பிலேயே உழைத்தோர் பெயர்கள் உள்ளன. அவற்றைக் கடந்து செல்வது நேர்மையா?

ஆசிரியப் பெருமக்களே, ஆய்வேட்டில் மென்பொருளின் பெயர், ஆக்கியவர், பதிப்பெண், ஆண்டு, கிடைக்குமிடம் ஆகிய ஐந்தையும் எழுதுங்கள். பெற்றோரே, பிள்ளையின் செயல்திட்டக் கோப்பைப் பார்க்கும்போது, “இதை எதைக் கொண்டு செய்தாய்? அதை ஆக்கியவர் யார்?” என்று கேளுங்கள். பிறர் உழைப்பைப் பெயர் சொல்லி மதிக்கும் பழக்கம் தொடக்கப்பள்ளியிலேயே வேரூன்றட்டும்!