பழைய வண்டிக்கு ஏற்ற கார்புரேட்டர்



சென்ற திங்கள் ஆண்டர்சன்பேட்டையில் ஓர் அன்பரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். தங்கச் சுரங்கப் பட்டறையில் ஃபிட்டராகப் பணியாற்றி, 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டபொழுது வேலையிழந்தவர் அவர். வீட்டின் பின்புறக் கொட்டகையில் ஓர் எம்.ஜி. டி.சி. கார் நிற்கின்றது. 1945 முதல் 1949 வரை இங்கிலாந்தில் செய்யப்பட்ட இருவர் அமரும் வண்டி அது. அன்பரின் தந்தையார் ஓர் ஆங்கில அதிகாரியிடம் டிரைவராக இருந்தவர். 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றுக்கொண்ட காலத்தில், தாயகம் திரும்பிய அவ்வதிகாரி சிறு தொகை பெற்றுக்கொண்டு வண்டியை அவரிடம் விட்டுச் சென்றாராம்.

வண்டி ஓடிப் பல ஆண்டுகள் ஆயின. அன்பரின் மகன் நாள்தோறும் மாரிக்குப்பத்தில் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்பவர். வண்டியை விற்றுவிடலாம் என்பது அவர் எண்ணம். “விற்பது உன் விருப்பம், தம்பி. ஆனால் ஓடாத வண்டி என்று சொல்லி விற்காதே” என்பது தந்தையின் சொல். குறை கார்புரேட்டரில் இருந்தது. மகன் பெங்களூரில் ஒரு கடையில் நல்ல விலை கொடுத்து, பார்வைக்கு அச்சு மாறாத இரண்டு கார்புரேட்டர்களை வாங்கி வந்து பொருத்தினார். இயந்திரம் கிளம்பியது, ஆனால் மேட்டில் ஏற மறுத்தது.

இது பல அன்பர்களுக்கும் நேரக்கூடிய பிழையாதலால் சற்று விரித்துச் சொல்கிறோம்.

இவ்வண்டியில் உள்ளவை எஸ்.யூ. கார்புரேட்டர்கள். ஸ்கின்னர்ஸ் யூனியன் என்பதன் சுருக்கம் அது. காலணி வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்கின்னர் உடன்பிறந்தார் தொடங்கிய அந்நிறுவனத்தை 1926இல் மாரிஸ் வாங்கினார். அதனால் மாரிஸ் வண்டிகளிலும் எம்.ஜி. வண்டிகளிலும் ஒரே குடும்பத்துக் கார்புரேட்டர்கள் அமைந்தன. குழப்பம் தொடங்குவதும் இங்கேதான். உருவம் ஒன்றாயிருக்கும், உள்ளளவு வேறாயிருக்கும்.

அளவை அறிய எளிய வழி உண்டு. எச் என்னும் எழுத்தின் பின் வரும் எண், ஓர் அங்குலத்திற்கு மேல் எத்தனை அரைக்கால் என்பதைச் சொல்லும். எச்.1 என்றால் ஒன்றே அரைக்கால் அங்குலம், எச்.2 என்றால் ஒன்றேகால், எச்.4 என்றால் ஒன்றரை. 1,250 சி.சி. கொண்ட டி.சி. இயந்திரத்திற்கு வேண்டியவை ஒன்றேகால் அங்குலத்தில் இரண்டு. மகன் வாங்கி வந்தவையோ ஒன்றே அரைக்கால்; பழைய மாரிஸ் மைனர் வண்டிக்குரிய அளவு. போதிய காற்று இல்லாத இயந்திரம் மேட்டில் மூச்சுவாங்குவதில் வியப்பென்ன?

அளவு பொருந்தினாலும் ஊசி பொருந்த வேண்டும். எஸ்.யூ. கார்புரேட்டரில் காற்றின் இழுப்பிற்கேற்ப ஒரு பிஸ்டன் மேலெழும். அதனடியில் தொங்கும் கூம்பிய ஊசி ஜெட்டின் துளையிலிருந்து மேலேற, பெட்ரோல் செல்லும் வழி அகலும். ஊசியின் பருமனே கலவையைத் தீர்மானிக்கின்றது. ஊசித் தண்டில் பொறித்துள்ள எழுத்துகளைப் படித்து, வண்டிக்குரிய கையேட்டுடன் ஒப்பிட வேண்டும். மூன்றாவது, கோணம். கார்புரேட்டர் சாய்ந்து அமர்ந்தாலும் மிதவைக் கிண்ணம் நேராக நிற்க வேண்டும். கிண்ணத்தின் இணைப்பு வேறு கோணத்தில் இருந்தால் பெட்ரோலின் மட்டம் பிழைபடும். நான்காவது, பிஸ்டனும் அதன் மேல்மூடியும் ஒன்றுக்கொன்று இழைத்துச் சேர்த்த இணை. ஒன்றின் மூடியை மற்றொன்றில் கவிழ்க்கலாகாது.

“அம்பாசிடர் வண்டியின் சோலெக்ஸ் ஒன்றைப் போட்டுவிட்டால் என்ன, நைனா?” என்று மகன் கேட்டார். இயல்பான கேள்விதான். அது நம் நாட்டில் எளிதிற் கிடைத்த பொருள். ஆனால் அதில் காற்று மேலிருந்து கீழிறங்கும், எஸ்.யூ.வில் பக்கவாட்டில் புகும். ஆதலின் மேனிஃபோல்டையே மாற்ற வேண்டும். அங்ஙனம் செய்தால் வண்டி ஓடலாம்; டி.சி.யாக ஓடாது.

தந்தையார் விடை கூறாமல் பழைய கார்புரேட்டர்களைக் கழற்றி வைத்திருந்த பெட்டியைக் கொண்டுவந்தார். திராட்டில் தண்டை இரு விரலால் பற்றி மேலும் கீழும் அசைத்தார். கடகடவென ஆடியது. அந்த இடுக்கின் வழியே கணக்கில்லாக் காற்று புகுந்து கலவையைக் கெடுத்திருக்கின்றது. உடல் கெடவில்லை, தேய்ந்தது தண்டும் அது சுழலும் துளையும் மட்டுமே. நம்மூர் லேத் பட்டறையொன்றில் துளையைச் சீராக்கிப் பித்தளை புஷ் இறக்கி, புதுத் தண்டு பொருத்தினார்கள். புதுக் கார்புரேட்டர் வேண்டுவோருக்கு இன்றும் எஸ்.யூ. பெயரிலேயே இங்கிலாந்தில் அவை செய்யப்படுகின்றன. ஆயினும் பழையதைக் குப்பையில் எறியுமுன் தண்டை அசைத்துப் பாருங்கள் என்பதே நம் வேண்டுகோள்.

இக்காலத்துக்குரிய எச்சரிக்கை ஒன்றும் உண்டு. பெட்ரோலில் இப்பொழுது 20 விழுக்காடு எத்தனால் கலக்கின்றது. பழைய ரப்பர்க் குழாய்களையும் அடைப்பு வளையங்களையும் அது கெடுக்கக்கூடும்; கசிவு தீயை அழைக்கும். ஆகவே எத்தனாலைத் தாங்கும் குழாய்களையே இட வேண்டும். மேலும் எத்தனால் கலந்தால் கலவை மெலியும். ஏறத்தாழ 2,800 அடி உயரத்திலுள்ள நம் வயலின் மெல்லிய காற்றோ கலவையைச் செறிவாக்கும். இவ்விரண்டிற்குமிடையே சரியான நிலையைக் கண்டறிவது கையேட்டால் மட்டும் ஆவதன்று.

இறுதிப் பணி, இரு கார்புரேட்டர்களையும் சமப்படுத்துவது. ஒரு ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டரின் வாயிலும் பிடித்து, காற்றின் சீறல் இரண்டிலும் ஒன்றாகும் வரை திருகுகளைத் திருப்ப வேண்டும். அன்பர் குழாயைக் காதருகே கொண்டுபோனார், பின் எடுத்துவிட்டார். சுரங்கத்துக் காற்றழுத்தப் பொறிகளின் நடுவே உழைத்த ஆண்டுகள் அவர் செவியைக் கவர்ந்துகொண்டுவிட்டன. குழாயை மகனிடம் நீட்டினார்.

“நீ கேட்டுச் சொல், தம்பி. நான் திருப்புகிறேன்.”

அன்று மாலை நெடுநேரம் மகன் கேட்டார், தந்தை திருப்பினார். “இதில் கூடுதல், நைனா”, “இப்போது குறைவு” என்ற சொற்களன்றி வேறு பேச்சில்லை. இருட்டும் வேளையில் இரு சீறலும் ஒன்றாயின. பின் மகன் இடமும் தந்தை கையும் மாற்றிக்கொண்டனர். திருகாணி மகனிடம் வந்தது.

வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து இவ்வயலில் குடியேறிய நம் முன்னோர் தங்கத்தை வெட்டினர். அது பிறரிடம் போயிற்று. நமக்கென எஞ்சியது கைத்திறன். அதனை அறிந்த முதியோர் நம் வீடுகளில் இன்னும் இருக்கின்றனர். இளைஞர்கள் அவர்களருகே ஒரு மாலையேனும் அமர்ந்து, கேட்டறிந்ததைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

வண்டி விற்கப்பட்டதா என வினவுவீர்கள். மறுவாரம் அது ஆண்டர்சன்பேட்டை மேட்டில் ஏறியது. விற்பனைப் பேச்சு அதன்பின் எழவில்லையென்று அறிகிறோம்.