என் மண்ணை நான் வெட்டுவேன் என்பது உரிமையா?

2024 ஜூலை 30. வயநாட்டில் சூரல்மலையும் முண்டக்கையும் மண்ணோடு மண்ணாகிப் போன நாள். நாடே அழுதது. அதே நாளில்தான் நமது வால்பாறையில், சோலையாறு அணைப் பகுதியில், ஒரு வீட்டின் மேல் மண் சரிந்து பாட்டியும் பேத்தியும் மாண்டார்கள். பெரிய துயரத்தின் நிழலில் இந்தச் சின்ன வீட்டின் துயரம் மறைந்துபோனது.

அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறு பக்கத்தில் பெட்டிமுடியில் லைன் வீடுகள் புதைந்து 70 உயிர்கள் போயின. பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து பிழைக்கப் போன தோட்டத் தொழிலாளர் குடும்பத்தார்.

இறைவனின் நாட்டம் என்று பொறுமை கொள்கிறோம். அது ஈமான். ஆனால் ஒட்டகத்தைக் கட்டிப்போட்டுவிட்டு இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. மழையை நிறுத்த நம்மால் ஆகாது. மலைச்சரிவை வெட்டும் இயந்திரத்தை நிறுத்த முடியுமா, முடியாதா? இதுதான் கேள்வி.

பட்டா என்றால் என்ன?

வால்பாறையில் நிலம் அரிது. சுற்றிலும் எஸ்டேட், அதைத் தாண்டினால் காடு. நடுவில் இருக்கும் கொஞ்ச இடத்தில் வீட்டுக்கு மேல் வீடு, கடைக்குப் பின்னால் கடை. ஒருவர் கட்டடம் கட்ட மேட்டை நெட்டுக்குத்தாக வெட்டுகிறார். மேலே இருப்பவரின் அஸ்திவாரம் அந்தரத்தில் நிற்கிறது. கேட்டால், “என் பட்டா நிலம், நான் வெட்டுகிறேன், உனக்கென்ன?” என்கிறார். கேட்டவரும் வாயடைத்துத் திரும்பிவிடுகிறார்.

வாயடைக்க வேண்டியதில்லை, சகோதரர்களே! 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் இதற்கு அன்றே பதில் சொல்லிவிட்டது. கோர்ட்டில் ஈஸ்மெண்ட் சட்டம் என்பார்களே, அதுதான். அதன் 7ஆவது பிரிவின்படி, ஒருவருடைய நிலத்துக்குப் பக்கத்து மண்ணும் அடி மண்ணும் இயற்கையாகக் கொடுத்து வரும் தாங்கல், அந்த நிலத்துக்காரரின் உரிமை. பத்திரத்தில் எழுதியிருக்க வேண்டியதில்லை. யாரிடமும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. நிலத்தோடு கூடப் பிறந்த உரிமை அது.

ஆனால் ஒரு நுணுக்கம் உண்டு. இந்த உரிமை வெறும் நிலத்துக்குத்தான். மேலே கட்டடம் எழுப்பி மண்ணின் மேல் பாரம் ஏற்றிவிட்டால், அந்தப் பாரத்துக்கும் தாங்கல் கேட்பதற்கு 15ஆவது பிரிவின்படி 20 ஆண்டுகள் இடையூறின்றி, அமைதியாக அனுபவித்திருக்க வேண்டும். பக்கத்து நிலம் அரசாங்கத்துடையது என்றால் 30 ஆண்டுகள். ஆகவே பழைய வரி ரசீதையும் கட்டட அனுமதியையும் கரையானுக்குக் கொடுத்துவிடாதீர்கள். நாளைக்கு அவைதான் சாட்சி.

இன்னொன்று. தாங்கலை எடுத்துவிட்டார் என்பதற்காக மட்டும் நஷ்ட ஈடு கிடைக்காது. கணிசமான சேதம் உண்மையில் நேர்ந்த பிறகே கிடைக்கும் என்கிறது 34ஆவது பிரிவு. சுவர் விழும்வரை காத்திருப்பதா? கூடாது. வெட்டத் தொடங்கும்போதே படம் பிடித்து, வக்கீல் நோட்டீஸ் அனுப்பி, தடையுத்தரவு கேட்டு முன்சீப் கோர்ட்டுக்குப் போவதுதான் புத்திசாலித்தனம்.

தண்ணீரின் கதை

அதே 7ஆவது பிரிவு தண்ணீரையும் பேசுகிறது. ஓடைக்கரை நிலத்துக்காரர் குடிக்கலாம், புழங்கலாம், மாட்டுக்குக் காட்டலாம். பாசனத்துக்கும் எடுக்கலாம், ஆனால் கீழே இருக்கும் கரைக்காரருக்குக் கணிசமான கேடு வரக் கூடாது. தண்ணீரை முறைகேடாக மாசுபடுத்தி அடுத்தவர் நிலத்துக்கு அனுப்பவும் கூடாது. ஆறு, ஓடைத் தண்ணீரைத் திரட்டிப் பங்கிடும் அதிகாரம் அரசுக்கு உண்டு என்று 2ஆவது பிரிவு ஒதுக்கி வைத்திருக்கிறது. ஆனைமலையின் தண்ணீர் பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டத்தில் சமவெளிக்குப் போவது அப்படித்தான்.

மாசுபடுத்தினால் என்ன ஆகும் என்பதைத் திருப்பூர் வியாபாரிகளிடம் கேளுங்கள். நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் சங்கமாகத் திரண்டு வழக்காடினார்கள். 2009இல் உச்ச நீதிமன்றம் வரை சாயப்பட்டறைகள் தோற்றன. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது. தொழிலும் கெட்டது, ஆறும் கெட்டது. தொடக்கத்திலேயே அண்டை நிலத்துக்காரனின் உரிமையை மதித்திருந்தால் இரண்டும் பிழைத்திருக்கும்.

நிலத்தடி நீர் விஷயத்தில்தான் சட்டம் தடுமாறுகிறது. வரையறுத்த தடத்தில் ஓடாத அடிநீரைத் தன் எல்லைக்குள் எடுக்க நில உடைமையாளருக்கு உரிமை உண்டு என்பது பழைய விதி. பொள்ளாச்சிக்கு அப்பால் பிளாச்சிமடையில் கொக்கோ கோலா ஆலை உறிஞ்சியபோது, 2003இல் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, நிலத்தடி நீர் பொதுச் சொத்து என்றார். 2005இல் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. தமிழ்நாடு 2003இல் நிலத்தடி நீர்ச் சட்டம் இயற்றியது. நடைமுறைக்குக் கொண்டுவராமலே 2013இல் ரத்து செய்தது! பணக்காரனின் போர் ஆழம் போகப் போக ஏழையின் கிணறு வற்றுகிறது. கேட்க நாதியில்லை.

மார்க்கம் காட்டும் அளவுகோல்

தண்ணீரில் மக்கள் அனைவரும் பங்காளிகள் என்பது நபிமொழி. மதீனாவில் ஜுபைர் (ரலி) அவர்களுக்கும் ஓர் அன்சாரித் தோழருக்கும் வாய்க்கால் தகராறு வந்தபோது, மேட்டில் இருப்பவர் முதலில் பாய்ச்சிக்கொண்டு, பிறகு அண்டை வீட்டாருக்குத் திறந்துவிட வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். அடுத்தவரின் நிலத்தில் ஒரு சாண் அபகரித்தாலும் மறுமையில் ஏழு பூமிகள் கழுத்தில் மாட்டப்படும் என்றும் எச்சரித்தார்கள். அபகரிப்பதற்கே அந்தத் தண்டனை என்றால், அண்டை வீட்டானின் காலடி மண்ணைச் சரியவிட்டு அவன் பிள்ளைகளைப் புதைப்பதற்கு என்ன?

பட்டா இல்லாதவன் எங்கே போவான்?

இப்போது உண்மையான கேள்விக்கு வருவோம். இந்த உரிமைகள் எல்லாம் நிலம் உள்ளவனுக்கு! லைன் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கிடக்கும் தொழிலாளிக்கும், புறம்போக்கில் குடிசை போட்டவனுக்கும், வாடகைக் கடைக்காரனுக்கும் நில உடைமை எது? பெட்டிமுடியில் புதைந்தவர்களில் எத்தனை பேரிடம் பட்டா இருந்திருக்கும்?

அவர்களுக்கும் ஒரு வாசல் இருக்கிறது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆவது பிரிவு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133. அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்கள், தொழில் செய்பவர்கள், அவ்வழியே போகிறவர்கள் மேல் விழக்கூடிய நிலையில் கட்டடமோ மரமோ இருந்தால், அதை அகற்றவோ பழுதுபார்க்கவோ முட்டுக்கொடுக்கவோ கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவர் உத்தரவிடலாம். மனுக் கொடுக்கப் பட்டா தேவையில்லை. உயிர் ஒன்று இருந்தால் போதும்!

வால்பாறைச் சகோதரர்களுக்கு மூன்று வேண்டுகோள். ஒன்று, ஒவ்வொரு ஆண்டும் தென்மேற்குப் பருவமழைக்கு முன் ஜமாஅத் இளைஞர்கள் தெருத் தெருவாகச் சென்று, வெடித்த தடுப்புச் சுவர்களையும் புதிதாக வெட்டிய மேடுகளையும் குறித்து எடுத்து, பொள்ளாச்சி சார் ஆட்சியரிடம் எழுத்தில் மனுக் கொடுத்து ரசீது வாங்குங்கள். யாருடைய வீடு, என்ன மதம் என்று பார்க்காதீர்கள். மண் அதைப் பார்த்துச் சரிவதில்லை.

இரண்டு, முத்தவல்லிகள் பள்ளிவாசல், கபரஸ்தான் எல்லைகளை அளந்து வைக்கட்டும். வக்ஃபு சொத்தை மீட்கும் வழக்குக்குக் காலக்கெடு இல்லை என்ற 107ஆவது பிரிவு 2025 திருத்தத்தில் மாற்றப்பட்டுவிட்டது. இனித் தூங்கினால் இழப்புதான்.

மூன்று, கட்டடம் கட்டும் நம் வியாபாரிகள் முதலில் தங்கள் வெட்டைத் தாங்களே பார்த்துக்கொள்ளட்டும். அனுமதி வாங்கி, தடுப்புச் சுவர் எழுப்பி, தண்ணீர் வடியத் துளை விட்டுக் கட்டுங்கள். அதற்கு ஆகும் செலவு வீண் செலவல்ல. அது அண்டை வீட்டாரின் ஹக்கு.

அரசிடம் நாம் கேட்பது ஒன்றே. நில உடைமையாளனுக்கு 1882இல் கிடைத்த பாதுகாப்பை, மலையில் குடியிருக்கும் ஒவ்வொருவனுக்கும் சட்டமாக்கிக் கொடுங்கள். மண்ணின் தாங்கல் பட்டாவுக்கு மட்டும் உரியதல்ல, மனிதனுக்கும் உரியது. அடுத்த மழைக்குள் விழித்துக்கொள்வோம், இன்ஷா அல்லாஹ்!